கீழ்ப்பாதிப் புல்

‘வியாழக்கிழமை, 3 மே 1979. இன்று புல் விதை தூவி முடித்தேன். விதையை மூட, சீகை முள் கொம்பை ஒரு தடவைதான் இழுக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. கீழ்ப்பாதியில் நான் இரண்டு தடவை இழுத்துவிட்டேன். விதை ஆழத்துக்குப் போயிருக்கும். தவறு என்னுடையது. நாளைய வேலை: தார் டின்னில் மண் நிரப்பி உருட்டி நிலத்தை அமுக்க வேண்டும்.’

எழுதியதைத் தெய்வம்மா ஒரு தரம் வாசித்தாள். ‘போயிருக்கும்’ என்பதை அடித்து ‘போயிருக்கலாம்’ என்று எழுதினாள். கொஞ்ச நேரம் யோசித்து அதையும் அடித்துவிட்டு, முன்பு இருந்ததையே மறுபடி எழுதினாள். கேத்தியில் ஜஸ்டஸ் சார் நடத்திய மாலை வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம்தான். தேதி போட வேண்டும், அன்று செய்த வேலை, செய்த தவறு ஒன்று, மறுநாள் வேலை. அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் தவறு என்ற இடம் வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். தெய்வம்மாவுக்கு அந்த இடத்தில்தான் பக்கம் போதாது.

அவள் விதைத்த நிலம் போஜ கவுடருடையது. ஓடைக்கு மேலே சரிவாக ஏறும் சிவப்பு மண். நடுவில் ஒரு ஒற்றையடித் தடம் போய் அதை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்தது. காலங்காலமாக உருளைக்கிழங்கு விளைந்த மண் அது. சில வருஷமாக வேரில் கடுகு போல மஞ்சள் முட்டை கட்டும் ஒரு புழு விழுந்து, கிழங்கு கோலிக்குண்டுக்கு மேல் பருக்கவில்லை. சர்க்கார் ஆள் வந்து செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். இந்த மண்ணில் சில வருஷத்துக்குக் கிழங்கே கூடாது, புல் விதையுங்கள், அறுத்துக் காயவைத்துக் கட்டிவைத்தால் பனிக்காலத்தில் பால் மாட்டுக்குத் தீனியாகும், புழுவும் பட்டினி கிடந்து சாகும் என்று சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கவுடருக்கு அதில் பாதி மனசுதான். நிலத்தில் புல் முளைத்தால் வெட்டி எறிகிற வம்சத்தில் வந்தவரிடம் புல்லையே விதைக்கச் சொன்னால் என்ன செய்வார்? போதாததற்கு அவருடைய மச்சினன் முட்டைக்கோசு போடும் குத்தகைக்காரர் ஒருவரைப் பேசி வைத்திருந்தார். அந்த ஆள் சமவெளியிலிருந்து சொந்த ஆட்களோடு வருவாராம். அவர்கள் தங்க நிலத்தின் ஓரத்தில் இருக்கும் தகரக் கூரை போட்ட கிழங்குக் கிடங்கு வேண்டுமாம்.

அந்தக் கிடங்கில்தான் தெய்வம்மாவும் அவளுடைய தாய் கருப்பம்மாவும் குடியிருந்தார்கள். சிலோனில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் கேம்பில் கிடந்து, மலைக்கு வந்த பிறகும் ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு மாட்டுக்கொட்டில் என்று மாறி மாறித் தங்கியவர்களுக்கு, கதவைச் சாத்தினால் உள்ளிருந்து தாழ் போடக்கூடிய முதல் இடம் அது. உருளைக்கிழங்கு வாசம் போகவில்லை என்று வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கருப்பம்மாவுக்கு அந்த வாசம் பிடித்திருந்தது.

தாளைப் படித்துச் சொல்ல ஆள் தேடியபோதுதான் கவுடர் கண்ணில் தெய்வம்மா பட்டாள். கிழங்கு பொறுக்க வந்த பெண்களில் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவள் அவள் ஒருத்திதான். படிப்பதோடு நில்லாமல், தாளில் சொன்னபடி எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் செய்வாள் என்று தெரிந்ததும் அவர் நிலத்தையே அவளிடம் விட்டுவிட்டார். விடும்போது சொன்னார்: “மழை புடிக்கறதுக்கு முன்னால நிலத்துல பச்சை தெரியணும். தெரிஞ்சா புல்லு. நீங்களும் கிடங்குல இருந்துக்கிட்டு அதைப் பாத்துக்கலாம். தெரியலைன்னா கோசு. அதுல எனக்கு வருத்தம் இல்ல, உனக்கும் இருக்கக் கூடாது.”

அவளுக்கு இருந்தது. இரவும் பகலும் இருந்தது.

கட்டி உடைத்து, மண்ணில் தங்கிப்போன கிழங்குகளைக் கண்ணில் பட்டவரை பொறுக்கி, நிலத்தை மாவு போல ஆக்கினாள். குதிகால் ஊன்றினால் லேசான தடம் மட்டும் விழும் அளவுக்கு மண்ணை மிதித்து இறுக்கினாள். விதையை ஆற்று மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் தூவினாள். கொம்பு இழுக்கும்போதுதான் அந்தப் பிசகு. கீழ்ப்பாதியில் இழுத்தது போதாதோ என்று தோன்ற, இன்னொரு தடவை இழுத்தாள். இழுத்து முடித்த கணமே அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியது. அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி இல்லை.

காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் நிலத்துக்குப் போவாள். மத்தியானம் தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டுத் திரும்பும் வழியில் போவாள். மாலை வகுப்புக்குக் கிளம்பிப் பாதி தூரம் போனவள், திரும்பி வந்து பார்த்துவிட்டு ஓடுவாள். வரப்பில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்ப்பாள். அந்த வழியாக மாடு ஓட்டிப் போனவர்கள் யாரோ விழுந்து கிடப்பதாக நினைத்துப் பதறி வந்தது கூட உண்டு.

முதலில் வந்தது களை. அகல இலைக் களை, படரும் களை, முள் வைத்த களை. அதன் நடுவே, பொறுக்கியும் தப்பிய கிழங்குகள் தடித்த முளை விட்டு எழுந்தன. இரண்டாவது வாரம் மேல்பாதியில் ஒரு மெல்லிய பச்சை தட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் இருக்கும், மேலிருந்து குனிந்தால் காணாமல் போகும். கீழ்ப்பாதியில் அதுவும் இல்லை. பிறகு அங்கும் மயிர் போல ஏதோ எழும்பியது. ஆனால் களைகளுக்கு இடையில் அதை இன்னதென்று அவளால் சொல்ல முடியவில்லை. புல் என்று எண்ணி ஏமாறுவதைவிடக் களை என்று எண்ணுவது பாதுகாப்பாகப் பட்டது. அதனால் தினமும் அடுப்படியில் தாயிடம் அதையே சொன்னாள். விதை முளைக்கவில்லை. ஆழத்தில் போய்ச் செத்துவிட்டது. கீழே இருப்பதெல்லாம் களை.

கருப்பம்மா அதிகம் பேசாதவள். சிலோன் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில் அவளைவிடக் கை வேகமானவர்கள் இருந்தார்கள். புல்லுவெட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தேயிலைத் தூருக்கு அடியில் ஒரு பச்சை நுனி கூட இல்லாமல் சுரண்டி, மண்ணைச் சீப்பால் வாரியதுபோல் விட்டுப் போவாள். புல்லுவெட்டுக் கொந்தரப்பு, அந்த ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் அவளுக்கே கிடைக்கும். மகள் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

“அப்ப வெட்டிப்புடவா?”

தெய்வம்மா வேறு எங்கோ நினைப்பாக, பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்பது கருப்பம்மாவின் அகராதியில் சம்மதம்தான். அவள் பார்த்த துரைமார்கள் யாரும் அதைவிடத் தெளிவாகச் சம்மதம் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் கவுடரிடமிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மச்சினனோடு வந்து நிலத்தைப் பார்ப்பாராம். அன்றே முடிவு சொல்லிவிடுவாராம். தெய்வம்மா விதைப் பையின் அடியில் மிஞ்சியிருந்த ஒரு கை விதையைத் துணியில் முடிந்துகொண்டு, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனாள். ஊட்டிக்கு அப்பால் இருந்த மாட்டுப் பண்ணையிலிருந்துதான் விதை வந்தது. விதையே கெட்டதோ என்று கேட்டுவிட வேண்டும். கெட்டதுதான் என்றால், தவறு தன்னுடையது இல்லை என்றாவது ஆகும். அப்படி நினைத்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பண்ணையில் மேஸ்திரி சுப்பண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சத்தியமங்கலம் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி சிரிப்பு. விதையைக் கையில் வாங்கி ஊதிப் பார்த்து, நல்லா இருக்குதுங்க அம்மிணி, இதுக்கு என்ன கேடு என்றார். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கொம்பு இழுத்தது, டின் உருட்டியது, தினமும் போய்ப் பார்த்தது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, ஒலை வெச்சா நிமிசத்துக்கொருக்கா மூடியத் தொறந்து பாக்கற ஆளுங்களா நீங்க? அப்புறம் சோறு எப்புடீங்க வேகும்?”

பேசிக்கொண்டே கூட்டிப்போய்ப் பண்ணையின் புது விதைப்பைக் காட்டினார். அவள் நிலத்தில் பார்த்த அதே மயிர்தான் அங்கும் இருந்தது, களைகளோடு கலந்து, எடுப்பில்லாமல். ஒன்றை வேரோடு பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அடித்தண்டு வெற்றிலைச் சாறு பட்டதுபோல் சிவந்திருந்தது. வேரில் படகு வடிவில் ஒரு உமி தொங்கியது, அவள் துணியில் முடிந்து கொண்டுவந்த விதையின் உமி. இந்த இரண்டும் இருந்தால் அது நாம் போட்ட புல், இல்லாவிட்டால் தானாக வந்தது என்றார். முதலில் இப்படித்தான் அநாதை மாதிரி நிற்கும், தூர் கட்டினால் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும் என்றார்.

அந்தச் சிவப்பை அவள் கீழ்ப்பாதியில் பார்த்திருந்தாள். முந்தாநாள்தான் பார்த்தாள். ஒன்றிரண்டு இல்லை, கால் வைத்த இடமெல்லாம். பார்த்து, களை என்று முடிவுகட்டி, அன்று இரவும் தாயிடம் சொன்னாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் குன்னூர் பஸ் கிளம்புவதாக இல்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவளால் உட்கார முடியவில்லை. இறங்கி நடந்தாள். அடுத்த நிறுத்தம்வரை நடந்து, அங்கும் நிற்க முடியாமல் அதற்கடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால் வந்த பஸ்ஸில் ஏறியபோது மூச்சு வாங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ‘முளைத்துவிட்டது’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். உடனே, முழுவதும் முளைத்திருக்குமா என்றது மனசு. அதை அதட்டி உட்காரவைத்துவிட்டு மறுபடி ‘முளைத்துவிட்டது’ என்றாள். இன்றைக்கே அம்மாவைக் கூட்டிப்போய் உமியைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நிலத்துக்கு இறங்கும் வளைவில் அவளுக்கு முதலில் கேட்டது சத்தம்தான். சரக், சரக் என்று இரும்பு மண்ணில் உரசும் சத்தம். வளைவு திரும்பியதும் பார்த்தாள். கீழ்ப்பாதி முழுவதும் சிவப்பாக இருந்தது. கழுவித் துடைத்த தரைபோல் சிவந்த மண். ஓடையோரம் கருப்பம்மா, மூக்கம்மா, ஓடைக்கரைக் குடிசைகளில் இருந்த இன்னும் சில சிலோன்காரப் பெண்கள், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, நிரை பிடித்துக் குனிந்து, சுரண்டியால் கடைசி ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

கிழங்குச் செடிகளை மட்டும் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் தூரிலும் மண் அணைத்து, அழகாக, வெற்று நிலத்தில் அவை மட்டும் நின்றன.

கருப்பம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இந்தியாவுக்கு வந்த பிறகு தெய்வம்மா பார்த்திராத ஒரு தெளிச்சி இருந்தது.

“நாளைக்கு ஐயா வாறாரில்ல. தொரை வார அன்னைக்கு மலை இப்படித்தான் இருக்கணும். மேல்பாதிய வெள்ளனையே வந்து முடிச்சிருவோம்.”

தெய்வம்மா வரப்போரத்துக்குப் போனாள். அங்கே வேரோடு வெட்டியதை எல்லாம் குவித்து, சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். வெட்டிய புல்லை நிலத்தில் விட்டால் திரும்ப வேர் பிடிக்கும், அதனால் அள்ளிக்கொண்டுபோய்த் தனியாகப் போட வேண்டும் என்பது அவர்களுடைய பழக்கம். சாக்கை விலக்கி ஒரு பிடி அள்ளினாள். சிவந்த அடித்தண்டு, உமி. இன்னொரு பிடி. உமி. குவியலின் அடிவரை தோண்டினாள். எதை எடுத்தாலும் அந்தப் படகு தொங்கியது. அவள் நினைத்ததைவிட நன்றாகவே முளைத்திருந்தது.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். அவள் உமியைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். மூக்கம்மா ஒரு நாற்றை எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, அடப்பாவி என்று அதைத்தான் திட்டினாள். கருப்பம்மா கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தாள். வைக்கும்போதும் விளிம்பு மழுங்காமல் திருப்பித்தான் வைத்தாள்.

“நீதானடி சொன்ன, எல்லாம் களைன்னு.”

குரலில் கோபம் இல்லை. தெய்வம்மாதான் அப்படிச் சொன்னாள். ஒரு நாள் இல்லை, தினமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி, மண்ணைப் பார்த்தே எது எது என்று அறியக்கூடிய தாயின் கண்ணையும் மறைத்துவிட்டாள்.

மூக்கம்மாதான் முதலில் தேறினாள். தோட்டத்தில் கணக்குப்பிள்ளைகளைச் சமாளித்துப் பழகியவள். எதற்குக் கலங்க வேண்டும், காட்டெருமை வந்து மேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் போகிறது என்றாள். இந்தப் பக்கம் எருமை வராத நிலம் ஏது? தடம் கேட்டால் அவள் வீட்டு மாட்டைக் கொண்டுவந்து நாலு நடை நடத்தினால் ஆயிற்று.

“ஒம் மாட்டுக் கொளம்பு ஆட்டுக் கொளம்பு மாதிரி இருக்கும். எருமை குட்டி போட்டுச்சுன்னு சொல்லவா?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னும் கனமாக இருந்தது.

தெய்வம்மா எருமையைப் பற்றி உண்மையிலேயே யோசித்தாள். யோசித்துக்கொண்டே குவியலைப் பிரித்தாள். காலையில் வெட்டியது அடியில் வதங்கிச் சுருண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெட்டியது சாக்கின் ஈரத்தில் இன்னும் விறைப்பாகவே இருந்தது. பனிமூட்டம் தலைக்கு மேல் வந்து தூறலாக இறங்கிக்கொண்டிருந்தது. திரும்ப நட்டால் என்ன? கேட்கலாமா என்று அவள் தயங்கும்போதே, கருப்பம்மா ஒரு கை நாற்றை அள்ளிக்கொண்டு நிலத்துக்குள் இறங்கி, விரலால் மண்ணைக் குத்தி, வேரை இறக்கி, கட்டைவிரலால் அமுக்கியிருந்தாள். ஒன்று. அதற்கடுத்து ஒன்று.

மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் கூலி கேட்கவில்லை, யாரையும் யாரும் கூப்பிடவும் இல்லை. கிடைத்த இடத்தில் சும்மா ஊன்றிக்கொண்டே போகலாம் என்று தெய்வம்மா சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்குக் கை ஓடவில்லை. மூக்கம்மா படங்குக் கயிற்றை அவிழ்த்து நீட்டிப் பிடித்த பிறகுதான் வேலை வேகமெடுத்தது. கயிறு பிடித்து, தேயிலை நாற்று நடுவதுபோல் நேர் நிரையாக நட்டுக்கொண்டே போனார்கள். கண் தெரியாமல் இருட்டும்வரை நட்டார்கள். தடத்தை ஒட்டிய பகுதிக்குத்தான் நாற்று போதுமானதாக இருந்தது. ஓடையோரத்து வளைவு வெறுமையாகவே கிடந்தது.

மறுநாள் கவுடர் தடியை ஊன்றிக்கொண்டு தடத்தின் வழியாக வந்தார். பின்னால் மச்சினன். தலையில் வெள்ளை உருமால், கையில் குடை, வாயில் பாக்கு. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“மாமா, உங்க நிலம் பாதி சவரம் பண்ணிட்டு எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குது.”

கவுடர் சிரிக்கவில்லை. என்ன இது என்று கேட்டார். தெய்வம்மா பதில் சொல்வதற்குள் மூக்கம்மா முன்னால் வந்து, அதை ஏன் கேக்குறீங்க ஐயா, ராத்திரி ஒரு எருமை, என்று ஆரம்பித்தாள். கவுடர் தரையைப் பார்த்தார். கயிறு பிடித்து நட்ட நிரைகளைத் தடியால் சுட்டிக்காட்டி, எருமை இவ்வளவு நேராகவா மேய்ந்தது என்றார்.

“எருமை வரலைங்க,” என்றாள் தெய்வம்மா. “நான் எல்லாம் களைன்னு சொன்னேன். அதனால வெட்டினோம். வெட்டினது நாம போட்ட புல்லுங்க.”

கருப்பம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து களைன்னே. இன்னைக்குப் புல்லுங்கறே,” என்றார் கவுடர். “நாளைக்கு என்ன சொல்லுவே? ஒவ்வொரு தடவையும் உங்கிட்டக் கேட்டா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு ரெண்டையும் சொல்லுவே. இன்னைக்கு ஒண்ணு சொல்லு. முளைச்சிருக்கா, இல்லியா?”

அவள் மேல்பாதியில் ஏறி, ஒரு நாற்றைப் பிடுங்கி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்பையும் உமியையும் காட்டினாள். பிறகு வேறொரு இடத்திலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று. அவர் தாமே குனிந்து இன்னொன்றைப் பிடுங்கப் பார்த்தார். அது சட்டென்று வரவில்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“முளைச்சிருக்குங்க,” என்றாள்.

வழக்கமாக அதற்குப் பின்னால் வருகிற வால் எதுவும் வரவில்லை. அவளே அதற்காகக் காத்திருந்ததுபோல் ஒரு கணம் நின்றாள்.

மச்சினன் விடவில்லை. குடை நுனியால் கீழ்ப்பாதி நிரை ஒன்றைத் தொட்டு, இது பிழைக்குமா, அதைச் சொல் என்றார். அவள் பார்த்தாள். சில நாற்று நிமிர்ந்திருந்தது, பல சாய்ந்திருந்தது. தூறல் இன்னும் விட்டபாடில்லை. பிழைக்கும் என்று சொல்லிவிடலாம். பிழைக்காது என்று சொல்லிவிட்டால், பிறகு ஏமாற வேண்டியதில்லை. இரண்டுமே நாக்கு நுனியில் இருந்தன.

“அது தெரியலைங்க. மேல இருக்கறது தெரியும், கீழ இருக்கறது தெரியாது. தெரிய இன்னும் கொஞ்ச நாள் வேணும். அதுவரைக்கும் யாரும் அதுல காலு வெக்கக் கூடாது.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குடையைப் பார்த்தாள். மச்சினன் குடையை எடுத்துக்கொண்டார்.

கவுடர் நிரைகளுக்கு இடையில் தடியால் எட்டிப் பார்த்துக்கொண்டே தடத்தில் நடந்தார். திடீரென்று நின்றார். மண் அணைத்து நின்ற கிழங்குச் செடியை அப்போதுதான் கவனித்தார். ஒன்று, அங்கே ஒன்று, அதோ ஒரு நிரையே. இதை ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதில் சொன்னவள் கருப்பம்மா.

“சாப்பிடுற செடிங்களே, ஐயா. அதை எப்படி வெட்டுறது?”

கவுடருக்கு முதலில் கோபம்தான் வந்தது. எந்தச் செடிக்காக இந்த நிலத்தையே புல்லாக்கினாரோ, அதை மட்டும் தூர் அணைத்து வளர்த்திருக்கிறார்கள், புழுவுக்கு விருந்து வைத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது சிரிப்பாக மாறி, சிரிப்பு இருமலாக மாறி, தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மச்சினன் எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாமல் பாக்கைத் துப்பினார்.

இருமல் அடங்கிய பிறகு கவுடர் வரப்பில் உட்கார்ந்து முடிவைச் சொன்னார். ஓடையோரத்து வெற்று வளைவு இந்தத் தடவை கோசுக்குப் போகும், மச்சினன் வாக்குக் கொடுத்துவிட்டார். நட்ட நிரைகளும் மேல்பாதியும் தெய்வம்மா பொறுப்பில் புல்லாகவே இருக்கும். நிரை தேறினால் சரி. தேறாவிட்டால் பண்ணையில் விதை கேட்டு அதை மட்டும் மறுபடி விதைக்கலாம், அடுத்த மழைக்கு. கிடங்குக்குக் கோசு ஆட்களும் வருவார்கள்.

“நடுவுல சாக்குத் தெச்சுக் கட்டிக்கங்க. கதவுப் பக்கம் உங்களுக்கு, சன்னல் பக்கம் அவங்களுக்கு. நான் சொன்னேன்னு சொல்லு.”

மச்சினனும் அவரும் மேடேறிப் போன பிறகும் பெண்கள் அங்கேயே நின்றார்கள். போச்சு என்று சொல்வதா, கிடைத்தது என்று சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. மூக்கம்மா, கதவுப் பக்கம் கிடைத்ததே பெரிசு என்றாள். கருப்பம்மா கிடங்குக்குள் போய், எந்த இடத்தில் சாக்கு கட்டினால் அடுப்பு தங்கள் பக்கம் வரும் என்று காலால் அளந்து பார்த்தாள். பிறகு வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல் நிரைகளின் ஓரமாக நடந்தாள். சாய்ந்திருந்த ஒரு நாற்றைக் குனிந்து நிமிர்த்தப் போனவள், மகள் பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் தெய்வம்மா கிழங்குச் செடி விஷயத்தைத் தாயிடம் விளக்கினாள். புழு அந்த வேரில்தான் உயிர் பிடித்து இருக்கும், ஒன்று மிச்சம் இருந்தாலும் வருஷக்கணக்கான வேலை வீண். கருப்பம்மா கேட்டுக்கொண்டாள். பிடுங்குகிறதுதான் பிடுங்குகிறோம், தூரில் குஞ்சுக் கிழங்கு இருந்தால் ஒரு குழம்புக்கு ஆகாதா என்று கேட்டாள். ஆகாது என்றாள் தெய்வம்மா. உடனே, ஆகுமோ என்று அவளுக்கே தோன்றியது. தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் குழம்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

வகுப்புக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து பார்க்கும்போது நிரைகள் தெரியவில்லை. மேல்பாதிப் பச்சை மட்டும், அதுவும் மூட்டம் விலகும் நேரத்தில் மட்டும், தெரிந்தது. வகுப்பில் பென்சிலைச் சீவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். தவறு என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்க முடியாமல் ஜஸ்டஸ் சாரிடம் கேட்டாள். ஒன்றுதான், சின்னதாக, என்றார் அவர், பழையபடி.

‘வெள்ளிக்கிழமை, 25 மே 1979. இன்று கவுடர் நிலத்தைப் பார்த்தார். மேல்பாதியும் நட்ட நிரைகளும் புல்லுக்கு. ஓடையோரம் கோசுக்கு. தவறு: தெரியாததைத் தெரிந்ததுபோல் அம்மாவிடம் பல நாள் சொன்னேன். நாளைய வேலை: கிழங்குச் செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். மேல்பாதியில் வரப்பிலிருந்து தொடங்க வேண்டும்.’